மீனவர் தரப்புக்கு ஒரே நாற்காலி

ஸ்டுடியோ என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட அந்த மாடி அறையில் நாலு நாற்காலிக்கு மேல் போட முடியாது. ஐந்தாவது போட்டால் ஓரத்தில் இருப்பவருக்குப் பாதி முகம்தான் திரையில் தெரியும். அன்று ஞாயிற்றுக்கிழமை. நேரலை தொடங்கப் போகிற நேரத்தில் ஐந்தாவதாக ஓர் ஆள் படியேறி வந்து வாசலில் நின்றார்.

ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மூன்று விருந்தினர்களில் ஒருவரான கன்னியம்மா, அவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாருங்க நீங்க?" என்றார் குமரேசன். அந்த லோக்கல் கேபிள் டிவிக்கு முதலாளி, எடிட்டர், டைப் அடிப்பவர் எல்லாம் அவர்தான்.

"ஏயுமல. மீனவர் தரப்புல பேச வந்துகீறேன்."

"மீனவர் தரப்பு வந்தாச்சே. அந்தம்மா உக்காந்திருக்காங்க பாருங்க."

"அது எங்க அக்காதான். அது சொல்றது வேற, நான் சொல்றது வேற."

குமரேசன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். திரையின் கீழே ஓடவேண்டிய எழுத்துகளை ராத்திரியே அடித்து வைத்திருந்தார். மீனவர் தரப்பு. சுற்றுலாத் தரப்பு. சூழல் தரப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

"தரப்பு ஒண்ணுதாம்பா. அக்காவும் தம்பியும் வெளிய போயி பேசி முடிவு பண்ணிட்டு, யாராவது ஒருத்தர் வந்து உக்காருங்க."

"அக்காகிட்ட பேசியே மாசக்கணக்கா ஆவுது சார்" என்றார் ஏழுமலை. "பேசற மாதிரி இருந்தா நான் ஏன் பஸ் புடிச்சு இங்க வரேன்?"

டவுன்ஷிப் மேடம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் குவார்ட்டர்ஸ் வாழ்க்கையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "வீட்டில் இருந்த நீங்கள் டிவிக்கு எப்படிப் போனீர்கள்?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு அந்த அறைக்குத் திரும்புகிறேன்.

தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, தொண்ணூறுகளின் நடுவில் சதுரங்கப்பட்டினத்துக்கு அருகில் இருக்கும் டவுன்ஷிப்புக்கு வந்தேன். கணவருக்கு ஆராய்ச்சி மையத்தில் வேலை. வந்த புதிதில் எனக்குப் பெயரே இல்லை. குவார்ட்டர்ஸில் நான் 'திருநெல்வேலிக்காரங்க'. மார்க்கெட்டில் 'டவுன்ஷிப் மேடம்'. மேடம் என்று கூப்பிட்டால் விலை கொஞ்சம் கூட என்று அர்த்தம்.

ஒருமுறை குடியிருப்போர் கூட்டத்தில் தண்ணீர் விடும் நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மேடையில் இருந்தவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "பெண்கள் சார்பா நீங்க சொல்லுங்கம்மா" என்றார். நானும் எழுந்து, காலையில் விட்டால் நல்லது என்றேன். பக்கத்தில் இருந்த விமலா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "நான் ஆறு மணிக்கு பஸ் ஏறுறேன். எனக்குக் காலையில தண்ணி வந்து என்ன பிரயோஜனம்? என்னையும் சேர்த்து ஏன் சொல்றே?"

பின்வரிசையில் இன்னொருத்தி, "எனக்கு எப்ப விட்டாலும் சரி, உப்பில்லாம விட்டாப் போதும்" என்றாள். கூட்டம் சிரித்தது. கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் மட்டும், "பெண்கள் தரப்பில் ஒற்றுமை இல்லை" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஆண்கள் ஆளுக்கொரு நேரம் சொன்னபோது அவர் அப்படி எழுதவில்லை. அதை 'கருத்துகள்' என்று எழுதினார்.

இதை நான் ஊரப்பாக்கத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் சொன்னேன். அவர் கணவருக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. "மிடில் கிளாஸ் எப்பவுமே இப்படித்தான்" என்று அந்த மனிதர் தொடங்கினார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் மிடில் கிளாஸ்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் மேம்பாலம் வேண்டுமா என்ற கேள்விக்கே எங்களுக்குள் சாம்பார் ஆறிப்போகும்வரை சண்டை.

டிவி வேலைக்கு வருகிறேன். மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஹார்டுவேர் கடை மாடியில் குமரேசன் கேபிள் நடத்திவந்தார். பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பப் பாட்டு, கடை விளம்பரம். வாழ்த்து வாசிக்க ஒரு குரல் தேடினார். போனேன். கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமை விவாத நிகழ்ச்சி தொடங்கலாம் என்று அவருக்கு ஆசை வந்தது. பெரிய சேனல்களில் பார்த்த ஆசை.

பின்னால் நீலப் போர்வை ஒன்றைக் கட்டினோம். மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்பதால் அதை நிறுத்திவிடுவோம். கீழே, கடைக்குப் பின்னால் சிற்பக்கூடம். அங்கே கிரைண்டர் ஓடினால் பேசுவது கேட்காது. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டும் அவர்கள் மிஷினை நிறுத்தி உளி வேலை பார்ப்பார்கள். அன்றைய ஒளிபரப்பை யாராவது பதிவு செய்து வைத்திருந்தால், எங்கள் பேச்சுக்கு அடியில் டக் டக் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

கல் வேண்டும், கல் வேண்டாம்

அன்றைய தலைப்பு, கடற்கரையில் கல் கொட்டுவது.

சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, அடுத்தடுத்து இரண்டு மீனவக் குப்பங்கள். தெற்குக் குப்பத்தில் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்வரிசை வீடுகளில் சில ஏற்கெனவே போய்விட்டன. அங்கே கரை நெடுகப் பெரிய பாறைகளைக் கொட்டித் தடுப்பு கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. தெற்கே கல் கொட்டினால் வடக்குக் குப்பத்துக்கு மணல் வராது, அங்கே கரை கரைந்துவிடும் என்று வடக்கே பயம்.

கன்னியம்மாவும் ஏழுமலையும் பிறந்தது வடக்குக் குப்பம். கன்னியம்மா வாழ்க்கைப்பட்டது தெற்குக் குப்பம். கணவர் கடலுக்குப் போகிறார், இவர் மீன் விற்கிறார். கடலைப் பார்த்த முதல் வீடு இவருடையது. ஏழுமலை பிறந்த ஊரிலேயே கரைவலை இழுப்பவர். கரையில் நின்றுகொண்டே கும்பலாகச் சேர்ந்து கயிறு பிடித்து இழுக்கும் பெரிய வலை அது. இழுக்க மணல் வேண்டும். பாறைமேல் அந்த வலையை இழுக்க முடியாது.

அக்காவுக்குக் கல் வேண்டும். தம்பிக்கு வேண்டாம். தீபாவளி வரிசைகூட அந்த வருஷம் நின்றுபோயிருந்தது.

எனக்கு அப்போது இந்தக் கதை முழுதாகத் தெரியாது. வாசலில் நிற்கும் மனிதரை வெளியே போகச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். எழுந்து என் நாற்காலியை நகர்த்திவிட்டு, "இதுல உக்காருங்க" என்றேன்.

"மேடம், நீங்க?" என்று பதறினார் குமரேசன்.

"நான் நின்னுக்கிட்டே கேள்வி கேக்கிறேன். என் மூஞ்சி தெரியலன்னா ஒண்ணும் குடிமுழுகிப் போகாது."

"அப்ப டைட்டில்?"

"எதையாவது போடுங்க குமரேசன் சார்."

அவர் போட்டார். நிகழ்ச்சி தொடங்கியதும் பக்கத்தில் இருந்த சின்ன டிவியில் பார்த்தேன். கன்னியம்மா முகத்துக்குக் கீழே 'மீனவர் தரப்பு 1'. ஏழுமலைக்குக் கீழே 'மீனவர் தரப்பு 2'.

யார் உண்மையான மீனவர்?

முதலில் பேசியவர் பிரபாகர். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் ஆசிரியர். கடற்கரையைப் பற்றி நிறைய நடந்து பார்த்தவர், நல்ல மனிதர். கேமராவைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்: "மீனவ மக்கள் இந்தக் கல் திட்டத்தை எதிர்க்கிறார்கள்."

"எந்த மீனவ மக்கள் சார்?" என்றார் கன்னியம்மா.

பிரபாகர் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல, கேக்கறேன். என்னைக் கேட்டீங்களா? எங்க வூட்டு வாசல்ல ஒரு தென்னமரம் நின்னுச்சு. போன ஐப்பசில பூட்டுது. அடுத்து வூடுதான். கல்லு வோணான்னு நான் எப்ப சொன்னேன்?"

"வோணான்னு நான் சொன்னேன்" என்றார் ஏழுமலை. இன்னமும் அக்காவைப் பார்க்கவில்லை. "அங்க கல்லக் கொட்டினா இங்க மண்ணு பூடும். வலைய எங்க இயுக்கறது? ரோட்டு மேலயா?"

மூன்றாவது விருந்தினர் மோகன். ஒரு கடற்கரை விடுதியின் மேலாளர். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் பேசினார். கல் கொட்டினால் சுற்றுலாப் பயணிகள் நடக்க மணல் இருக்காது, ஆகவே விடுதிகளும் இதை எதிர்க்கின்றன என்றார்.

அந்தச் சமயம் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல்.

"மேடம், மீனவர் தரப்பு ஒண்ணு, ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. இதுல யாரு உண்மையான மீனவர்?"

"ரெண்டு பேருமே சார்" என்றேன்.

"அது எப்படி மேடம்? ரெண்டாம் நம்பர், விடுதிக்காரர் சொல்றதையே சொல்றாரு. அப்ப என்ன அர்த்தம்? விடுதிக்காரங்க கவனிச்சிருக்காங்கன்னு அர்த்தம். மீனவன் எவனாவது விடுதிக்காரன் பக்கம் பேசுவானா?"

கீழே உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஏழுமலை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்து போனால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இரண்டு குப்பத்திலும் கேபிள் இருந்தது. எல்லார் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எழுவதற்குள் கன்னியம்மா முன்னால் சாய்ந்து, போனைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், யாருய்யா நீ? என் தம்பி எவன் கையிலயும் வாங்கித் துன்ற ஆளு இல்ல. அவனுக்கு கல்லு வோணாம், அத்த சொல்றான். எனக்கு வோணும், நான் சொல்றேன். நாங்க அடிச்சிக்குவோம். நடுவுல நீ யாரு அவனப் போயி வித்துட்டான்னு சொல்றது?"

போன் வைக்கப்பட்டது.

ஏழுமலை முதல்முறையாக அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "வுடுக்கா" என்றார்.

"இன்னா வுடறது? நீயும் வாய மூடிகினு உக்காந்துகீற!"

டம்ளரும் பிஸ்கட்டும்

அடுத்து கேட்கவேண்டிய கேள்விகள் என் கையில் இருந்தன. எல்லாமே 'உங்கள் தரப்பின் நிலைப்பாடு என்ன?' என்ற அச்சில் வார்த்தவை. அவற்றை மடித்துவிட்டேன். மனதில் விமலா புடவையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது.

"கன்னியம்மா, ஒண்ணு சொல்லுங்க. எது போனா உங்களால தாங்க முடியாது?"

"வூடுதான். வேற இன்னா?"

"அப்ப கல்லு?"

"கல்லு மேல எனக்கு இன்னா ஆசையா மேடம்? வூடு நிக்கணும். கல்லு வச்சா நிக்கும்னாங்க. வோணும்னேன்."

ஏழுமலையிடம் அதையே கேட்டேன். "கோயிலுக்கு வடக்கால வலை இயுக்கற எடம். அது பூட்டுதுன்னா எங்க ஆளுங்க அத்தன பேரும் கூலி வேலைக்குத்தான் போவணும்."

"கோயிலுக்கு வடக்கேன்னா எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் பிரபாகர்.

ஏழுமலை வாயால் சொல்லிப் பார்த்தார், சரிவரவில்லை. மேசைமேல் இருந்த டீ டம்ளர்களை இழுத்தார். இது எங்க குப்பம், இது அக்கா குப்பம், இது கங்கையம்மன் கோயில். தட்டில் இருந்த பிஸ்கட்டுகளைக் கல்லாக அடுக்கினார். கேமராக்காரர் தானாகவே கேமராவை மேசைப் பக்கம் இறக்கினார்.

"இதோ, இங்கேந்து இது வரைக்கும் கொட்டறேன்றான். வூடு இங்கதான் கீது. கோயிலத் தாண்டி எதுக்கு கல்லு? அங்க வூடே இல்லியே!"

"நாங்க கோயிலத் தாண்டி கேக்கலடா" என்றார் கன்னியம்மா. கோயில் டம்ளரைத் தாண்டி இருந்த இரண்டு பிஸ்கட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "அது யாரோ மேல எயுதினது. மீனவர் கோரிக்கைன்னு மொத்தமா எயுதிட்டாங்க."

"கொஞ்சமா கொட்டினாலும் எங்களுக்கு கொஞ்சம் மண்ணு பூடும்க்கா."

"பூடும்தான். இன்னா பண்ண சொல்ற? வூட்ட தலைமேல தூக்கிகினு போவட்டா?"

"பின்னால தள்ளிக்கலாமே. அந்த மேட்டு எடம் சொம்மாத்தான கெடக்குது."

"எங்க சொம்மா கெடக்குது? இவங்க வேலி போட்டுகீறாங்க!" என்று மோகனைக் காட்டினார்.

மோகன் நெளிந்தார். முதலாளியைக் கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். ஏழுமலைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏசில உக்காந்துகினு கீற உனக்கு கரையப் பத்தி இன்னா தெரியும்?"

மோகன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, எழுதி வைத்த தமிழை விட்டுவிட்டுப் பேசினார். "எங்கப்பா கடப்பாக்கத்துல மீன்பிடி போட் வச்சிருந்தாரு. பள்ளிக்கூடம் லீவுன்னா நானும் ஏறுவேன். எனக்கு கரை தெரியும்ண்ணா. வேலிய பத்தி கேட்டு சொல்றேன். வெறுங்கையா வர மாட்டேன்."

சின்ன டிவியில் அவர் முகத்துக்குக் கீழே 'சுற்றுலாத் தரப்பு' என்று பச்சையில் ஓடிக்கொண்டிருந்தது. குமரேசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீபோர்டில் ஏதோ தட்டினார். எல்லா எழுத்தும் அழிந்து, வெறும் முகங்கள் மட்டும் நின்றன.

நிகழ்ச்சி முடிந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அக்காவும் தம்பியும் பஸ் நிலையம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பேச்சில் சமாதானமே இல்லை. தம்பி கையை ஆட்ட, அக்கா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு பதிலுக்குக் கத்த, பஸ் வந்தபிறகும் அதே சண்டைதான். ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.

பெயருக்குக் கீழே

"தரப்புன்னு போடலன்னா, யார் பேசுறாங்கன்னு ஜனங்களுக்கு எப்படி மேடம் புரியும்?" அடுத்த வாரம் குமரேசன் கேட்டார். நியாயமான கேள்வி. முன்பொருமுறை கடற்கரைப் பாதையை விடுதிகள் மறித்தபோது எல்லாக் குப்பமும் 'மீனவர்' என்ற ஒரே சொல்லுக்குக் கீழேதான் ஒன்றாக நின்றது. அந்தச் சொல் இல்லாவிட்டால் அவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஆனால் கல் விஷயத்தில் அந்தச் சொல்லை விரித்தால், அக்காவை மூடும்போது தம்பி வெளியே தெரிகிறார். தம்பியை மூடினால் அக்கா வெளியே. போர்வை சின்னதாக இருப்பது போர்த்திக்கொள்கிறவர்கள் குற்றமா?

கடைசியில் நாங்கள் ஒரு வழக்கத்துக்கு வந்தோம். பெயரைப் போடுவோம். அதற்குக் கீழே என்ன போடலாம் என்று வருகிறவரையே கேட்போம். சிலர் ஊரைச் சொன்னார்கள், சிலர் தொழிலை, சிலர் கட்சியை. ஒரு பெண் மட்டும் வெகுநேரம் யோசித்து, "ஒண்ணும் வேணாம், பேசினப்புறம் பாத்துக்கோங்க" என்றார். குமரேசனுக்கு அதில் வருத்தம்தான். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறமெல்லாம் வீணாகிறதே என்பார்.

செங்கல்பட்டு ஆபீசில்

கல் விஷயம் எப்படி முடிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் முடியவில்லை. நீண்டகாலம் இழுத்தது. கல் கோயிலோடு நின்றது. முன்வரிசை வீடுகளில் சில பின்னால் மேட்டுக்குப் போயின. வேலியின் ஒரு பகுதியை விடுதி நகர்த்திக்கொண்டது. கன்னியம்மா வீடு நின்றது. வடக்கே கொஞ்சம் மணல் போனது உண்மை, ஆனால் வலை இழுக்கும் இடம் போகவில்லை. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. யாரும் ஊரைவிட்டுப் போகவும் இல்லை.

இதற்கெல்லாம் முதல் படி, அந்த நிகழ்ச்சிக்குச் சில வாரங்கள் கழித்து செங்கல்பட்டில் ஓர் அதிகாரியின் அறையில் நடந்தது. இரண்டு குப்பத்துக்காரர்களும் சேர்ந்து ஒரே வேனில் வந்திருந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

அதிகாரி இளைஞர். மேசையில் கோப்புகள் மலையாகக் கிடந்தன. தலை நிமிர்ந்து, "மீனவர்கள் தரப்புல யார் பேசப்போறீங்க? ஒருத்தர் மட்டும் சுருக்கமாச் சொல்லுங்க" என்றார்.

கன்னியம்மா எழுந்தார். ஏழுமலையும் எழுந்தார். வடக்குக் குப்பத்திலிருந்து ஒருவரும் தெற்குக் குப்பத்திலிருந்து இன்னொரு பெண்ணும் எழுந்தார்கள்.

"ஒருத்தர்னு சொன்னேனே" என்றார் அதிகாரி.

"சார், நான் என் வூட்டுக்கோசரம் பேசறேன்" என்றார் கன்னியம்மா. "இவன் என் தம்பி, இவன் வலைக்கோசரம் பேசறான். இவரு வேற சொல்லுவாரு, அந்தப் பொண்ணு வேற சொல்லும். கடைசில எது எங்களுக்குள்ள ஒத்துப்போவுதோ அத்தையும் சொல்றோம். எல்லாத்தையும் கேளுங்க."

அதிகாரி நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்படின்னா ரொம்ப நேரம் ஆகுமேம்மா."

"ஆவட்டும் சார்" என்றார் ஏழுமலை, ஒரு நாற்காலியை இழுத்து அக்காவுக்குப் போட்டபடி. "நாஸ்தா துன்னுட்டுத்தான் வந்துகீறோம்."